தீவுப் பள்ளிகளில் பணியிடைப் பயிற்சி: படகு அட்டவணையிலிருந்து தொடங்குங்கள்

ஆசிரியர்களைத் தலைநகர்த் தீவுக்கு வரவழைத்து ஐந்து நாள் பயிலரங்கு நடத்துவது எளிது. பலன் மிகக் குறைவாகக் கிடைப்பதும் அதில்தான். ஓராசிரியர் பள்ளியிலிருந்து ஆசிரியர் கிளம்பினால் பள்ளியே பூட்டிக்கிடக்கும். திரும்பி வந்தபின் சந்தேகம் வந்தால் கேட்கப் பக்கத்தில் ஆள் இருக்காது. ஆகவே பயிற்சி தரும் கருத்தாளர்தான் படகேற வேண்டும்.

முதல் வேலை மொழிக் கணக்கெடுப்பு. பசிபிக் தீவு நாடான வனுவாட்டில் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்ட தாய்மொழிகள், பிஸ்லாமா பொதுமொழி, பள்ளியிலோ ஆங்கிலமும் பிரெஞ்சும். இப்படிப்பட்ட இடத்துக்கான திட்டத்தில் ‘உள்ளூர் மொழி’ என்று ஒற்றைச் சொல்லில் எழுதினால் அங்கேயே பிசகு. வகுப்புக்கு ஒரு தாள் போதும்: பிள்ளை வீட்டில் பேசும் மொழி, விளையாடும்போது பேசும் மொழி, பள்ளி மொழி எவ்வளவு புரிகிறது, ஆசிரியருக்குத் தெரிந்த மொழிகள். கடைசி விவரத்தை விட்டுவிடாதீர்கள். வேறு தீவிலிருந்து மாற்றலாகி வந்த ஆசிரியருக்குப் பிள்ளைகளின் மொழி ஒன்றுகூடத் தெரியாமல் இருக்கலாம். அவருக்கு வேண்டிய பயிற்சியே வேறு.

அடுத்து, ஒரு மணி நேரத்துக்குள் போய்ச்சேரக்கூடிய மூன்று முதல் ஐந்து பள்ளிகளை ஒரு குழுவாக்குங்கள். எட்டு முதல் பன்னிரண்டு ஆசிரியர்கள் இருக்கலாம். தலைமை ஆசிரியர்களும் கூடவே உட்கார வேண்டும்; இல்லையென்றால் நேர அட்டவணை மாறாது. படகு அட்டவணையைப் பார்த்து, சந்திப்புக்கு முந்தைய நாளும் மறுநாளும் கருத்தாளரின் பயணத்துக்கு ஒதுக்குங்கள். புயல் பருவத்தில் சந்திப்பே வேண்டாம்.

ஒரு பள்ளிப் பருவத்துக்கு ஒரே சிக்கலை எடுத்துக்கொள்ளுங்கள். உதாரணமாக, மூன்று வகுப்புப் பிள்ளைகள் ஒரே அறையில் இருக்கையில் பின்னம் சொல்லித்தருவது. சிறு தீவுகளில் பல்வகுப்புக் கற்பித்தல் அன்றாட நிலை. ஒரே வகுப்பை மனத்தில் வைத்துத் தயாரித்த மாதிரிப் பாடம் அங்கே பத்து நிமிடம்கூடத் தாங்காது. ஆறு வாரச் சுற்றாக நடத்தலாம்: முதல் வாரம் கூடிப் பாடம் தயாரிப்பு, இரண்டாம் வாரம் ஒருவர் நடத்த மற்றவர்கள் கவனிப்பு, அன்றே திருத்தம், அடுத்த மூன்று வாரம் அவரவர் பள்ளியில் முயற்சி, ஆறாம் வாரம் பிள்ளைகளின் நோட்டுகளோடு மறுபடி சந்திப்பு. ஜப்பானியப் பள்ளிகளில் நெடுங்காலமாக நடக்கும் பாட ஆய்வு முறையின் சாரம் இதுதான்.

கவனிப்பில்தான் பெரும்பாலும் கோளாறு வரும். மூத்தவரின் குறையை இளையவர் சபையில் சொல்வது பல தீவுச் சமூகங்களில் மரியாதைக் குறைவு. ‘கருத்துச் சொல்லுங்கள்’ என்றால் எல்லோரும் ‘நன்றாக இருந்தது’ என்பார்கள். அதை ஒப்புதல் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. கவனிப்பவர் ஒவ்வொருவரிடமும் மூன்று பிள்ளைகளை ஒப்படையுங்கள். எந்த நிமிடத்தில் எந்தப் பிள்ளை எழுதுவதை நிறுத்தியது, யாரிடம் எந்த மொழியில் கேட்டது என்று மட்டும் குறிக்கட்டும். பேச்சு ஆசிரியரை விட்டுப் பிள்ளைகள் பக்கம் திரும்பிவிடும். தொங்கா, ஃபிஜி, சமோவா பக்கங்களில் தலனோவா என்னும் வட்டமாய் அமர்ந்து பேசும் மரபு உண்டு. அங்கே இருபது நிமிடக் கலந்துரையாடல் என்று கடிகாரம் பிடித்தால் பேச்சே எழாது. அரை நாள் விடுங்கள்.

ஊர்ப் பெரியவர்களிடம் கடல் அறிவு, கணக்கு, கதை கேட்பதென்றால் முதல் சந்திப்பில் ஒலிப்பதிவுக் கருவி வேண்டாம். எதை எல்லோருக்கும் சொல்லலாம், எது ஒரு குலத்துக்கு மட்டும் உரியது என்று முதலில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கேட்காமல் பாடமாக்கினால் அடுத்த முறை கதவு திறக்காது. அவர்களுக்கான மதிப்பூதியமும் வரவுசெலவில் இருக்கட்டும்.

இணையம் பலவீனமாக இருந்தால் காணொளியைக் கைவிடுங்கள். நொடிக்கு 32 கிலோபிட் தரத்தில் பதிந்த குரல், நிமிடத்துக்கு ஏறக்குறைய 240 கிலோபைட். நான்கு நிமிடக் குறிப்பு ஒரு மெகாபைட்டுக்குள் அடங்கும். அதுவும் போகாத இடத்துக்குப் படகில் நினைவக அட்டை அனுப்பலாம்.

ஆசிரியர் மாற்றலானால் கற்றதும் அவரோடு போய்விடும். பாடத் தயாரிப்பு, திருத்தம், மொழித் தாள் மூன்றையும் பள்ளியிலேயே இருக்கும் ஒரே நோட்டில் வைத்து, புதிதாக வருபவரிடம் முதல் நாளே கொடுங்கள். ஈரக்காற்றில் தாள் பூஞ்சை பிடிக்கும். நோட்டை மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டியில் வையுங்கள்.