கால் ரத்த ஓட்டக் குறைவு: பயிற்றுநரின் தொலைபேசித் துணையோடு வீட்டிலிருந்தே நடைப்பயிற்சி

சிறிது தூரம் நடந்ததும் கெண்டைக்கால் சதை இறுகி வலிப்பதும், நின்றால் சில நிமிடங்களில் அந்த வலி விட்டுப்போவதும், காலுக்கு ரத்தம் கொண்டுசெல்லும் தமனிகள் கொழுப்புப் படிந்து சுருங்கியிருப்பதற்கான முக்கிய அடையாளமாகும். மருந்தோடு சேர்த்து மருத்துவர்கள் பரிந்துரைக்கும் தலையாய சிகிச்சை, மேற்பார்வையோடு கூடிய நடைப்பயிற்சி. ஆனால் வாரம் மூன்று முறை மருத்துவமனைக்குப் போய் நடந்துவருவது பலருக்கு இயலாது. அமெரிக்க அரசின் மருத்துவக் காப்பீடான மெடிகேர் திட்டம் 12 வாரங்களில் 36 அமர்வுகள் வரையிலான செலவை 2017 முதல் ஏற்றுவந்தும், அங்கே அவற்றில் சேர்பவர்கள் மிகச் சிலரே. அதனால்தான் வீட்டருகே நடப்பதும், வாரம் ஒருமுறை தொலைபேசியில் பயிற்றுநரோடு பேசுவதும் என்ற வழி ஆராயப்பட்டது.

இதில் கவனிக்க வேண்டியது, வலி வராமல் மெதுவாக நடப்பதால் பெரிய பயனில்லை என்பது. சிகாகோவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மேரி மெக்டெர்மாட் தலைமையில் நடந்து 2021இல் வெளியான ஆய்வில், 305 நோயாளிகள் மூன்று குழுக்களாகப் பிரிக்கப்பட்டு ஓராண்டு கண்காணிக்கப்பட்டனர். வலி வரும் வேகத்தில் நடந்தவர்கள் ஆறு நிமிடத்தில் கடக்கும் தூரம் சராசரியாக 34 மீட்டர் கூடியது. வலி வராத வேகத்தில் நடந்தவர்களோ, பயிற்சியே செய்யாத குழுவைவிடக் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் எதையும் அடையவில்லை. இரு நடைக் குழுக்களுக்கும் பயிற்றுநரின் தொலைபேசித் துணை ஒன்றுபோலவே கிடைத்தது. அதே ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்ட முந்தைய ஆய்விலும், உடலில் அணியும் கருவியும் தொலைபேசி அழைப்பும் மட்டும் நடைத்தூரத்தைக் கூட்டவில்லை. கைக்கடிகாரத்தில் அடிகளின் எண்ணிக்கை ஏறுவதைப் பார்த்து நிறைவடைந்துவிடக் கூடாது என்று நான் வலியுறுத்துவது இதனால்தான்.

தொடங்குமுன் கணுக்காலிலும் மேற்கையிலும் ரத்த அழுத்தத்தை அளந்து ஒப்பிடும் சோதனையைச் செய்துகொள்ளுங்கள். கணுக்கால் அழுத்தத்தை மேற்கை அழுத்தத்தால் வகுத்து வரும் விகிதம் 0.90 அல்லது அதற்குக் கீழ் இருந்தால் அடைப்பு உறுதி. நீண்டகாலச் சர்க்கரை நோயாளிகளுக்குத் தமனி கெட்டிப்பட்டு அளவு பொய்யாக உயர்ந்து காட்டக்கூடும் என்பதால், அவர்களுக்குக் கால் விரலில் அழுத்தம் பார்க்க வேண்டியிருக்கும். இதயம் இந்த உழைப்பைத் தாங்குமா என்பதையும் மருத்துவரே சொல்ல வேண்டும். கால் சிரைகள் புடைக்கும் வெரிகோஸ் என்று எண்ணி இறுக்கமான காலுறையைத் தாமாக வாங்கி அணிவது, தமனி அடைப்புள்ள காலுக்குத் தீங்காகலாம்.

நடக்கும் முறை இது. சமதரையில், சில நிமிடங்களில் வலி தொடங்கும் அளவு விரைவாக நடங்கள். வலியைப் பூஜ்யத்திலிருந்து நான்கு வரை மதிப்பிட்டால், இரண்டோ மூன்றோ ஆகும்வரை பொறுத்து, பிறகு நின்றோ உட்கார்ந்தோ வலி முழுவதும் நீங்கும்வரை இளைப்பாறி, மறுபடி புறப்படுங்கள். தொடக்கத்தில் நடக்கும் நேரம் மட்டும் 10 முதல் 15 நிமிடம் போதும். வாரந்தோறும் ஐந்து நிமிடம் கூட்டி, வாரத்தில் ஐந்து நாள், நாளொன்றுக்கு 50 நிமிடம் வரை கொண்டுசெல்லலாம். இந்த வலி காலைக் கெடுத்துவிடுமோ என்ற அச்சம் இயல்பானது; நடந்தால் வந்து நின்றால் போகும் வலி தசைக்கு நிலையான சேதம் விளைவிப்பதாகக் கருதப்படுவதில்லை. அடைப்பு இதனால் கரைவதில்லை, கிடைக்கும் ரத்தத்தைத் தசை திறம்படப் பயன்படுத்தக் கற்றுக்கொள்கிறது.

பயிற்றுநராக இந்நோயை அறிந்த இயன்முறை மருத்துவர் ஒருவரைத் தேர்ந்து, முதல் சில வாரங்களேனும் நேரில் சந்தித்து வேகத்தைச் சரிபார்த்துக்கொள்வது நல்லது. அதன்பின் வாரம் ஒரு அழைப்பு. ‘நன்றாக நடந்தேன்’ என்று சொல்வதால் அவருக்கு ஒன்றும் விளங்காது; ஒவ்வொரு நாளும் எத்தனை நிமிடத்தில் வலி வந்தது, எந்த அளவில் நின்றீர்கள், இளைப்பாற எவ்வளவு நேரமானது, எந்த நாள் விட்டுப்போனது, ஏன் என்று நோட்டில் எழுதிவைத்து அதைப் பார்த்துப் பேசுங்கள். விட்டுப்போன நாளை மறைக்க வேண்டாம். அதற்கு மாற்று நேரம் கண்டுபிடித்துத் தருவதே அவர் வேலை.

அடைபட்ட தமனியுள்ள காலில் சிறு கொப்புளமும் ஆறாப் புண்ணாகலாம். ஆகவே மூடிய, மென்மையான காலணி அணிந்து, இரவில் உள்ளங்காலையும் விரலிடுக்கையும் கண்ணாடி வைத்துப் பாருங்கள். பீடி, சிகரெட் தொடர்ந்தால் பயிற்சியின் பலன் பெருமளவு வீணாகும். மாத்திரைகளை நிறுத்தக் கூடாது.

நெஞ்சில் வலியோ இறுக்கமோ வந்தால் உடனே நின்று உதவி கோருங்கள். ஒரு கால் திடீரெனக் குளிர்ந்து வெளிறி மரத்துப்போனால் அவசர சிகிச்சைக்குச் செல்லுங்கள், காத்திருக்காதீர்கள். படுத்திருக்கும்போதே பாதம் வலித்தாலோ, விரல் கறுத்தாலோ, புண் ஆறாவிட்டாலோ பயிற்சியை நிறுத்திவிட்டு ரத்தநாள மருத்துவரை விரைவாகப் பாருங்கள்.

முதல் நாளிலேயே ஒரே இடத்தில், அளந்த தூரத்தில் முன்னும் பின்னும் நடந்து, ஆறு நிமிடத்தில் கடந்த மொத்த மீட்டரைக் குறித்துவையுங்கள். 12 வாரம் முடிந்ததும் அதே இடத்தில், அதே காலணியோடு மறுபடி அளந்து, இரு எண்களையும் நோட்டையும் மருத்துவரிடம் காட்டுங்கள். முன்னேற்றமில்லை என்றால் மருந்தை மாற்றுவதா, ரத்தக்குழாயைத் திறக்கும் சிகிச்சை தேவையா என்று முடிவு செய்ய அவருக்கு அவை உதவும்.