மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் தொடங்குங்கள்: செட்டிநாட்டிலிருந்து சிங்கப்பூர் செல்வோருக்கு

கானாடுகாத்தானுக்கு வரும் வெளிநாட்டுப் பயணிகளில் இரண்டு வகையினர் உண்டு. பேருந்தில் வந்து இறங்கி, பெரிய வீடு ஒன்றின் முகப்பைப் படம் எடுத்துக்கொண்டு, இருபது நிமிடத்தில் அடுத்த ஊருக்குப் புறப்படுபவர்கள் ஒரு வகை. ஆத்தங்குடிக்குப் போய், கண்ணாடியின் மேல் வண்ணச் சிமெண்டு ஊற்றித் தரைக்கல் வார்ப்பதைக் கால்கடுக்க நின்று பார்த்து, காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவின் பழம்பொருள் கடைகளில் ஒரு மாலைப் பொழுதைக் கழித்து, இரவில் பணியாரம் சுடும் ஆச்சியிடம் சைகையிலாவது பேசிவிட்டுப் போகிறவர்கள் மற்றொரு வகை. திண்ணையில் உட்கார்ந்துகொண்டு முதல் வகையினரைக் கேலி செய்யும் நாமே, விமானம் ஏறியதும் அவர்களாக மாறிவிடுகிறோம். என் முதல் சிங்கப்பூர்ப் பயணத்தில் முகவர் ஒருவர் ஒரே நாளில் பதினொரு இடங்களைக் காட்டினார். ஊர் திரும்பிப் படங்களைப் பார்த்தபோது, அவற்றில் பாதி எங்கே எடுத்தவை என்று எனக்கே தெரியவில்லை.

அடுத்த முறை போனபோது ஒரு கணக்கு வைத்துக்கொண்டேன். அரை நாளுக்கு ஒரு வட்டாரம் மட்டும். அந்த வட்டாரத்துக்குள் பெயர் பெற்ற இடம் ஒன்று, வயிறார ஒரு சாப்பாடு, யாரும் எதிர்பாராத விந்தை ஒன்று. மூன்றும் நடக்கும் தொலைவில் இருக்க வேண்டும். பெரியவர்களை உடன் அழைத்துச் செல்பவர்களுக்கு இந்தக் கணக்கு இன்னும் பொருந்தும், ஏனென்றால் அவர்களை அலுப்படையச் செய்வது நடை அன்று, வண்டியில் ஏறி இறங்குவதுதான்.

புறப்படுமுன் செய்ய வேண்டியவை சிலவே. திருச்சியிலிருந்து நேரடி விமானம் இருக்கிறது. இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் விசாவை முன்கூட்டியே பெற வேண்டும்; வருகை அட்டையை, இறங்கும் நாளையும் சேர்த்து அதற்கு முந்தைய மூன்று நாள்களுக்குள் இணையத்தில் கட்டணமின்றி நிரப்பிவிடலாம். நம் பக்கத்துக்காரர்கள் மறக்கக்கூடாத செய்தி ஒன்று உண்டு. உறவினர் வீட்டுக்கென்று மசாலாப் பொடி அரைத்துக் கட்டும்போது அதில் கசகசா சேர்க்கக்கூடாது. நம் சமையலறையில் குருமாவுக்கு அரைக்கும் அந்தப் பொருள் சிங்கப்பூரில் தடை செய்யப்பட்ட ஒன்று. வெற்றிலை போடும் பெரியவர்கள் மெல்லும் புகையிலையையும் வீட்டிலேயே விட்டுவிட வேண்டும்.

முதல் அரை நாளை மார்க்கெட் ஸ்ட்ரீட்டுக்குக் கொடுங்கள். சுற்றுலாப் பட்டியல்களில் அந்தத் தெருவுக்கு முதலிடம் கிடைப்பதில்லை; ஆனால் கொண்டு விற்க, அதாவது கடல் கடந்து வட்டித்தொழில் செய்யப் போன நம் முன்னோர் பலர் சிங்கப்பூரில் முதலில் போய்த் தங்கியது அங்கேதான். கிட்டங்கி என்று அவர்கள் சொன்ன நீண்ட கூடத்தில், ஆளுக்கு ஒரு பெட்டியை முன்னால் வைத்துக்கொண்டு பகலில் வட்டிக்கணக்கு எழுதி, இரவில் அதே இடத்தில் பாயை விரித்துப் படுத்திருக்கிறார்கள். பெட்டியடிப் பையனாக, அதாவது எடுபிடி வேலை செய்து தொழில் பழகும் சிறுவனாகப் போன என் ஐயா, அந்தக் கூடத்தின் புழுக்கத்தைப் பற்றித்தான் கடைசிவரை பேசினார். பழைய கிட்டங்கிகள் இன்று இல்லை. அதே தெருவில் இப்போது 51 மாடிகளும் 280 மீட்டர் உயரமும் கொண்ட கேப்பிட்டாஸ்பிரிங் கட்டடம் நிற்கிறது. அதன் உச்சியில் உள்ள தோட்டத்துக்கு வார நாள்களில் குறிப்பிட்ட நேரங்களில் பொதுமக்களைக் கட்டணமின்றி விடுகிறார்கள். போகுமுன் அன்றைய நேரத்தைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். காசு கொடுத்து ஏறும் பல உயரங்களைவிட நமக்கு இந்த உயரத்துக்குப் பொருள் அதிகம். இறங்கி வந்தால், அதே கட்டடத்தின் கீழ்த்தளங்களில் உணவங்காடியும் இருக்கிறது.

அங்கிருந்து ஆற்றின் முகத்துவாரத்தை நோக்கிச் சில நிமிடங்கள் நடந்தால் மெர்லயன் சிலை. 8.6 மீட்டர் உயரமுள்ள இந்தச் சிங்கத்தலை மீன் 1972-இல் நிறுவப்பட்டு, 2002-இல் இப்போதைய இடத்துக்கு நகர்த்தப்பட்டது. பகல் வெயிலில் அங்கே கூட்டத்தைத்தான் பார்ப்பீர்கள். விடிகாலையிலோ இரவிலோ போனால் சிலையைப் பார்க்கலாம். மாலை ஏழு மணிக்கு மேல் லாவ் பா சாட் அங்காடிக்கு வந்துவிடுங்கள். எண்கோண வடிவில், வார்ப்பிரும்புத் தூண்களோடு 1894-இல் எழுந்த சந்தைக் கட்டடம் அது. நம் வீடுகளின் இரும்புத் தூண்களைத் தட்டிப் பார்த்து வளர்ந்தவர்கள், சாப்பிட உட்காருமுன் ஒரு சுற்று வந்து தூண்களின் தலைப்பகுதி வேலைப்பாட்டை அண்ணாந்து பார்க்கலாம். பக்கத்துத் தெருவில் போக்குவரத்தை நிறுத்திவிட்டுக் கரியடுப்பில் சாத்தே என்ற குச்சியில் குத்திய இறைச்சியைச் சுடுவார்கள்.

இத்தகைய அங்காடிகளில் நடந்துகொள்ளும் முறையைத் தனியாகச் சொல்ல வேண்டும். காலி மேசையில் கைத்துடைப்புத் தாள் பொட்டலம் ஒன்று கிடந்தால், யாரோ மறந்துவிட்டுப் போனதாக எண்ணி உட்கார்ந்துவிடாதீர்கள். பேருந்து இருக்கையில் நாம் துண்டு போடுவதைப் போல, அது இடம்பிடித்ததற்கான அடையாளம். சாப்பிட்டு முடித்ததும் தட்டை நாமே கொண்டுபோய் உரிய இடத்தில் வைக்க வேண்டும். 2021 முதல் இது சட்டம், மீறுபவர்களுக்கு அபராதமும் உண்டு. சைவம் உண்பவர்கள் கறி இல்லாத உணவு என்று மட்டும் கேட்டால் போதாது. காய்கறிப் பொரியலிலும் உலர்ந்த இறால் விழுது கலந்திருக்கக்கூடும் என்பதால், அதையும் குறிப்பிட்டுக் கேட்க வேண்டும்.

இரண்டாம் அரை நாள் டேங்க் ரோட்டுக்கு. அங்குள்ள தெண்டாயுதபாணி கோயில் 1859-இல் நகரத்தார் எனப்படும் செட்டிநாட்டு வணிகர்கள் எழுப்பியது. இப்போதுள்ள கட்டடம் 1983-இல் முடிந்தது. சாமி கும்பிட்டதும் திரும்பிவிடாமல் மண்டபத்தில் நின்று மேலே பாருங்கள். கடவுளர் உருவங்கள் பொறித்த 48 கண்ணாடிப் பலகைகள், காலை வெயிலும் மாலை வெயிலும் படும்படி கூரையில் சாய்த்துப் பதிக்கப்பட்டிருக்கின்றன. ஆகவே நண்பகலில் போகாமல், காலையிலோ மாலையிலோ போவது நல்லது. தைப்பூசத்துக்கு முதல்நாள் போகும் வாய்ப்பு அமைந்தால், அங்கே செட்டிப் பூசம் என்று அழைக்கப்படும் வெள்ளித்தேர் ஊர்வலத்தையும் காணலாம்.

சிராங்கூன் சாலைப் பகுதியில் பெரும்பாலோர் பூமாலைக் கடையையும் நகைக்கடையையும் கடந்து விடுதிக்குத் திரும்பிவிடுகிறார்கள். 1947 முதல் இயங்கும் கோமள விலாஸில் காப்பி குடித்துவிட்டு, கேம்பல் லேனில் உள்ள இந்திய மரபுடைமை நிலையத்துக்குள் நுழையுங்கள். கட்டணம் உண்டு, திங்கட்கிழமை விடுமுறை. உள்ளே பத்தொன்பதாம் நூற்றாண்டுச் செட்டிநாட்டு வாசல்நிலை ஒன்று நிற்கிறது. அதில் ஏறத்தாழ 5,000 நுண்ணிய செதுக்கு வேலைகள் இருப்பதாகக் குறிப்பிடுகிறார்கள். நம் ஊரில் அத்தகைய நிலையைத் தாண்டி உள்ளே போகையில் செருப்பைக் கழற்றும் அவசரத்தில் அதை நிமிர்ந்து பார்ப்பதேயில்லை. கடல் கடந்து போய், குளிரூட்டிய அறையில், விளக்கொளியில் அதன் முன் நின்றபோதுதான் அதில் எத்தனை கிளிகள், எத்தனை கொடிகள் என்று எண்ணத் தோன்றியது. பெருமையாகவும் இருந்தது, கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

விந்தை என்று கேட்டால் நான் தயங்காமல் சொல்வது ஹா பார் வில்லா. டைகர் பாம் தைலத்தால் செல்வம் சேர்த்த ஆ பூன் ஹா 1937-இல் கட்டியது. அவர் பர்மாவின் ரங்கூனில் பிறந்தவர். நம்மவர்களின் பர்மாப் பணம் தேக்குத் தூணாக நின்றதென்றால், அவருடைய தைலப் பணம் சீனப் புராணக் கதை சொல்லும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வண்ணப் பொம்மைகளாக நிற்கிறது. நரகத்தின் பத்து நீதிமன்றங்களைக் காட்டும் குகைக்கு மட்டும் தனிக் கட்டணம்; மற்ற இடங்களைக் காசில்லாமல் சுற்றலாம். கருட புராணம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அந்தத் தண்டனைகள் புதியவை அல்ல. ஆனாலும் சிறு பிள்ளைகளை அந்தக் குகைக்குள் அழைத்துச் செல்ல வேண்டாம் என்பது என் கருத்து. வட்டப்பாதை ரயிலில் அந்த இடத்தின் பெயரிலேயே நிலையம் இருப்பதால் வழி தேட வேண்டியதில்லை.

இன்னும் மூன்று நாள் கையில் இருந்தால், சிங்கப்பூரிலேயே இடங்களைக் கூட்டிக்கொண்டு போகாமல் மலேசியாவின் பினாங்குக்குப் போங்கள். தண்ணீர்மலை முருகனைப் பார்க்க 513 படிகள் ஏற வேண்டும் என்பதால் அதைக் காலையிலேயே முடித்துவிடுங்கள். ஜார்ஜ் டவுனின் ஆர்மேனியன் தெருவில், சுவரில் பதித்த உண்மையான மிதிவண்டியின் மேல் இரண்டு குழந்தைகள் போவதாக 2012-இல் வரைந்த ஓவியம் இருக்கிறது; படம் எடுக்க வரிசையில் நிற்க நேரும். பசித்தால் நாசி கண்டார். தமிழ் முஸ்லிம்கள் தோளில் கம்பு வைத்து இரு பக்கமும் சோறும் குழம்பும் சுமந்து விற்றதிலிருந்து வந்த பெயர் அது. எல்லாக் குழம்பையும் கலந்து ஊற்றச் சொல்ல வேண்டுமானால், வெள்ளம் என்று பொருள்படும் ‘பஞ்சிர்’ என்ற சொல் ஒன்று போதும்.

கோடாலித் தைலம் வாங்க முஸ்தபா பேரங்காடிக்குப் போவதைக் கடைசி இரவுக்கு ஒதுக்குங்கள். முதல் நாளே போனவர்கள் மீதி நாள்களில் ஊரைப் பார்ப்பதில்லை. யாருக்கு எத்தனை பாட்டில் என்று பெட்டியைத் திறந்து திறந்து எடை போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.