சாக்கை நனைத்துப் போடுங்கள், குருணையை வாங்காதீர்கள்

குமரி மாவட்டத்தில் தக்கலைப் பக்கம் விளை, அதாவது தோட்டம், வைத்திருக்கும் எவருக்கும் ஆப்பிரிக்க நத்தையை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. நமக்குத் தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு மழை. நத்தைக்கு இரண்டு விருந்து. 1847இல் ஓர் ஆங்கிலேயர் மொரிஷியஸிலிருந்து கல்கத்தாவுக்குக் கொண்டுவந்த உயிர், என் மட்டி வாழைக் கன்றுகளை ஒரே இரவில் அரித்துத் தள்ளியது.

ஆத்திரத்தில் நத்தையைக் கொல்லும் குருணை மருந்து வாங்கித் தூவினேன். அதிலுள்ள மெட்டால்டிஹைடு நாய்க்கும் நஞ்சு என்று கடைக்காரர் சொல்லவில்லை. உறையிலிருந்த பொடி எழுத்தை நானும் படிக்கவில்லை. நத்தையை இழுக்கத் தவிடு கலந்த பண்டம் நாயையும் இழுக்கும்தானே? எங்கள் நாய் குட்டன் அதை நக்கிவிட்டு, வெட்டி வெட்டி இழுத்துக்கொண்டு கிடந்தான். கால்நடை மருத்துவர் பிழைக்க வைத்தார். குருணை அன்றோடு நின்றது.

இப்போது பழைய சாக்கை நனைத்து, உள்ளே பப்பாளி இலையும் முட்டைக்கோஸ் கழிவும் வைத்து, அந்தியில் வாழை மூட்டருகே, அதாவது அடிப்பகுதியருகே, போட்டுவிடுகிறேன். வெயில் ஏறுமுன் புரட்டினால் அடியில் நத்தை கொத்தாக அப்பியிருக்கும். வெறுங்கையால் தொடவே கூடாது. மூளையுறையைத் தாக்கும் நுண்புழு அதன் உடலில் இருக்கலாம். கையுறை இல்லாவிட்டால் பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டிக்கொள்ளுங்கள். லிட்டருக்கு 200 கிராம் கல்லுப்பு கரைத்த வாளியில் போட்டு மூடிவையுங்கள். செத்தபின் நாயும் கோழியும் கிளறாத ஆழத்தில் புதைக்க வேண்டும். உப்பை மண்ணில் நேராகத் தூவுகிறவர்கள் உண்டு. நத்தையோடு மண்புழுவும் போகும், வாழையும் வாடும்.

மூட்டு மண்ணைக் கிளறினால் வெளிர்மஞ்சள் முட்டைகள் தென்படும், ஒரு குவியலில் நூற்றுக்கும் மேல். அவற்றை நசுக்குவதுதான் உண்மையான வேலை என்பாள் என் மனைவி. அந்த வேலையை அவள் எனக்கே விட்டுவைத்திருக்கிறாள்.

நத்தை மட்டுமல்ல, பயற்றில் சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சி வந்தால் ஒரு லிட்டர் நீரில் 5 மில்லி வேப்பெண்ணெய், கரைய மட்டும் கொஞ்சம் சோப்பு. தேனீக்கள் பெட்டிக்குத் திரும்பிய பிறகே தெளிக்க வேண்டும். மீன் தொட்டிப் பக்கம் வேண்டாம்.

வேலியோரப் புதரை நான் வெட்டுவதில்லை. அங்கே குடியிருக்கும் செம்போத்துப் பறவை நத்தையைக் கொத்தித் தின்னும். “பாம்பு வரும், அந்துருண்டை போடுங்கள் அண்ணே” என்கிறார் பக்கத்து விளைக்காரர். பாம்பு வந்தால் எலியைப் பிடித்துவிட்டுப் போகட்டும். அந்துருண்டையைக் குட்டன் விழுங்கினால் யார் ஓடுவது?