செம்பருத்தி சர்பத்: நிறம் எங்கே கெடுகிறது?

முதல்முறை செம்பருத்தி சர்பத் செய்பவர்கள் பாதியிலேயே பயந்துவிடுகிறார்கள். இதழ்களை வெந்நீரில் போட்டால் தண்ணீர் சிவப்பதில்லை. கத்தரிக்காய் நிறத்தில் கருத்தாற்போல் நிற்கிறது. உடனே பீட்ரூட் சாறோ கலர் பொடியோ சேர்க்கத் தோன்றும். தேவையே இல்லை. இதழில் உள்ள அந்தோசயனின் என்ற நிறமி புளிப்பு பட்டால்தான் சிவக்கும். சாறு ஆறியதும் எலுமிச்சையைப் பிழிந்து பாருங்கள், துளி விழுந்த இடத்திலிருந்து சிவப்பு கிளம்பி நொடியில் பாத்திரம் முழுக்கப் பரவும். ஆனால் கொதிக்கும்போதே பிழிந்துவிடாதீர்கள். எலுமிச்சையின் வாசம் போய்விடும், கசப்பும் தட்டும்.

பாத்திரமும் முக்கியம். இரும்பிலும் அலுமினியத்திலும் இந்த நிறமி கருத்துப் போகும். எவர்சில்வரோ கண்ணாடியோ போதும்.

பெரும்பாலோர் செய்கிற அடுத்த தவறு, இதழைப் போட்டு நெடுநேரம் கொதிக்கவிடுவது. செம்பருத்தியில் வழவழப்பு அதிகம். தலைக்குத் தேய்க்க அது நல்லது, குடிக்க நன்றாக இருக்காது. இரண்டு டம்ளர் தண்ணீர் கொதித்ததும் அடுப்பை அணைத்து, பத்துப் பன்னிரண்டு பூவின் இதழ்களைப் போட்டுப் பத்து நிமிடம் மூடி வையுங்கள். இதழ் வெளுத்துவிட்டால் சாறு இறங்கிவிட்டது என்று அர்த்தம். அப்படியே வடிகட்டுங்கள், கடைசிச் சொட்டுக்கு ஆசைப்பட்டு இதழைப் பிழிந்தால் வழவழப்பும் கூடவே வந்துவிடும்.

பூ, ஐந்து இதழ் நாட்டுச் செம்பருத்தியாக, அன்று பூத்ததாக இருக்கட்டும். பச்சைக் காம்பையும் நடுவில் நீளும் மகரந்தத் தண்டையும் எடுத்துவிடுங்கள். எறும்பும் மாவுப்பூச்சியும் ஒளிவது அந்த அடிப்பகுதியில்தான், அதனால் இதழ்களை உப்புத் தண்ணீரில் ஒருமுறை அலசுவது நல்லது. பூச்சிமருந்து அடித்த செடியின் பூவும், பூஜைக்கென்று கடையில் விற்கும் பூவும் வேண்டவே வேண்டாம்.

கருப்பட்டியும் நாட்டுச் சர்க்கரையும் சுவைக்குக் குறைவில்லை, ஆனால் சாறு பழுப்பாகிவிடும். இதற்கு வெள்ளைச் சர்க்கரையோ கற்கண்டோதான் சரி என்பேன். வடித்த சாறு ஒரு கப்புக்குச் சர்க்கரை ஒரு கப், கரைய மட்டும் சூடாக்கினால் போதும். எலுமிச்சை சேர்த்து ஃபிரிட்ஜில் வைத்து, ஈரக் கரண்டி படாமல் ஒரு வாரத்துக்குள் முடித்துவிடுங்கள். குடிக்கும்போது ஒரு டம்ளர் குளிர்ந்த நீருக்கு இரண்டு மூன்று கரண்டி, ஒரு சிட்டிகை உப்பு, ஊறிய சப்ஜா விதை கொஞ்சம்.

அப்புறம், செம்பருத்தி டீ என்று பாக்கெட்டில் காய்ந்து வருவது பெரும்பாலும் இந்தப் பூ இல்லை. அது புளிச்சக்கீரை இனத்துச் செடியில் காயைச் சுற்றி வளரும் சிவந்த புல்லி இதழ். எகிப்தில் கர்கதே என்று குடிப்பது அதைத்தான். அதற்கே நல்ல புளிப்பு உண்டு. நம் பூவுக்குப் பிழியும் அளவு எலுமிச்சையை அதில் பிழிந்தால் வாயில் வைக்க முடியாது.

கர்ப்பிணிகளும் ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுபவர்களும் எதுவானாலும் மருத்துவரைக் கேட்டுவிட்டே குடிக்க வேண்டும்.