போஸ்ட்பாக் கட்டணம் கட்டும் முன்பு ஒரு கேள்வி

அமெரிக்காவில் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கும் முன் போஸ்ட்பாக் படிப்பில் (இளநிலைப் பட்டத்துக்குப் பின் கூடுதல் பாடங்கள் படிக்கும் திட்டம்) சேர நினைப்பவர்கள், முன்பணம் கட்டுவதற்கு முன் இதைக் கேட்டுவிடுங்கள்: "இந்தப் பாடங்கள் டிரான்ஸ்கிரிப்டில் (மதிப்பெண் பட்டியலில்) இளநிலையாகப் பதிவாகுமா, முதுநிலையாகவா?"

காரணம், விண்ணப்பங்களைக் கையாளும் ஆம்காஸ் அமைப்பு பட்டத்துக்குப் பின் படித்த இளநிலைப் பாடங்களைப் பழைய ஜிபிஏ-வோடு (4-க்கு எவ்வளவு என்று சொல்லும் சராசரி மதிப்பெண்) சேர்த்துக் கணக்கிடுகிறது. முதுநிலைப் பாடங்களைத் தனி வரியில் வைத்துவிடுகிறது. 120 கிரெடிட்டில் (பாட அளவைக் குறிக்கும் அலகு) 3.0 வைத்திருப்பவர் இளநிலையாக 30 கிரெடிட் படித்து எல்லாவற்றிலும் ஏ (அதாவது 4.0) வாங்கினால் 3.2 ஆகும். அதே உழைப்பை முதுநிலையில் போட்டால் பழைய 3.0 அசையாது. விளம்பரத்தில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும், அதனால் வாய்மொழியாகச் சொன்னால் போதாது, மின்னஞ்சலில் பதில் வாங்குங்கள்.

ஜிபிஏ ஏற்கெனவே நன்றாக இருந்து, வேதியியல், இயற்பியல் போன்ற கட்டாயப் பாடங்கள் மட்டும் பாக்கி என்றால் இந்தக் கணக்கை விடுங்கள். துறை மாறுபவர்களுக்கான படிப்புகளைப் பாருங்கள். அவற்றில் சில, குறிப்பிட்ட மருத்துவக் கல்லூரிகளோடு 'லிங்கேஜ்' ஒப்பந்தம் (தகுதி பெறும் மாணவர்களை இடைவெளியில்லாமல் சேர்த்துக்கொள்ளும் ஏற்பாடு) வைத்திருக்கும். அதில் இடம் கிடைத்தால், படிப்பு முடிந்தபின் மருத்துவக் கல்லூரியில் சேர வழக்கமாகக் காத்திருக்கும் ஓராண்டு மிச்சம். இந்தியாவில் பட்டம் பெற்றவர்களுக்கும் இந்தக் கூட்டல் பொருந்தாது, வெளிநாட்டு மதிப்பெண்களை ஆம்காஸ் ஜிபிஏ-வில் சேர்ப்பதில்லை. அவர்களுக்கு அமெரிக்காவில் படிக்கும் பாடங்களே ஜிபிஏ.