வேட்டைக்கு அழைக்கப்பட்ட விருந்தினர் தலைகுனியாமல் திரும்புவது எப்படி? படிப்படியான செய்முறை

மூன்று பருவங்களுக்கு முன்பு, முதன்முறையாக ஒருவருடைய மான் வேட்டைக்கு விருந்தினனாகச் சென்றேன். அன்று நான் ஒரு தோட்டாவைக்கூடச் சுடவில்லை. ஆகவே குறி தவறியது என்ற பேச்சுக்கே இடமில்லை. இருந்தும், மாலையில் அழைத்தவரின் முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியாமல்தான் வண்டியில் ஏறினேன். அதற்குக் காரணமான தவறை மூன்றாம் படியில் எழுதியிருக்கிறேன். அவசரமாகப் படிப்பவர்கள் மற்றவற்றை விட்டுவிட்டு அந்தப் படியை மட்டுமாவது படித்துவிடுங்கள்.

உங்களிடம் துப்பாக்கிப் பயிற்சியும் உரிமமும் இருக்கின்றன என்றும், வேட்டை சட்டப்படி அனுமதிக்கப்பட்ட நிலத்துக்கு, அனுமதிக்கப்பட்ட பருவத்தில்தான் செல்கிறீர்கள் என்றும் எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். துப்பாக்கியை எப்படிப் பிடிப்பது, விசையை எப்படி அழுத்துவது என்பவற்றுக்குள் நான் போகப்போவதில்லை.

முதல் படி: புறப்படும் முன் கேட்க வேண்டியவை

எந்த விலங்கு, ஆணா பெண்ணா, எதைச் சுடவே கூடாது, சொந்தத் துப்பாக்கியைக் கொண்டுவரலாமா, எந்தெந்த அனுமதிச் சீட்டுகள் தேவை என்ற ஐந்து கேள்விகளையும் ஒரு வாரம் முன்னதாகவே கேட்டுவிட வேண்டும். “அழைத்தவர் பார்த்துக்கொள்வார்” என்று அனுமதிச் சீட்டை அவரிடம் விட்டுவிடுவது பெரிய மனிதர்களும் செய்திருக்கிற தவறு. அமெரிக்கத் துணை அதிபராக இருந்த டிக் சேனி 2006 பிப்ரவரியில் டெக்சாஸ் மாநிலப் பண்ணை ஒன்றுக்குக் காடை வேட்டைக்கு விருந்தினராகச் சென்றார். அங்கே நடந்த விபத்தை விசாரித்தபோது, அவரிடம் வேட்டை உரிமம் இருந்ததும், காடை போன்ற பறவைகளுக்குத் தனியாக வாங்க வேண்டிய 7 டாலர் முத்திரை இல்லாததும் தெரியவந்து, அதற்காக எழுத்துமூல எச்சரிக்கை தரப்பட்டது. அந்த விபத்தைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

சொந்த ரைஃபிளை எடுத்துச் சென்றால், போய்ச் சேர்ந்ததும் ஓர் இலக்கு அட்டையில் இரண்டு மூன்று முறை சுட்டுப் பார்க்க வேண்டும் என்று நீங்களே கேளுங்கள். வீட்டில் எவ்வளவு துல்லியமாகச் சரிசெய்து வைத்திருந்தாலும், பயணத்தில் ஓரிடத்தில் இடித்துக்கொண்டால் ஸ்கோப்பின் (துப்பாக்கிமேல் பொருத்தும் குறிபார்க்கும் தொலைநோக்கி) குறி விலகிவிடலாம். அழைத்தவருக்குத் தொந்தரவாக இருக்குமோ என்று தயங்கி இதைக் கேட்காமல் இருப்பவர், மறுநாள் காலையில் அடிபட்ட மானைத் தேடிக் காடு முழுவதும் அவரை அலையவிடுவார்.

இரவல் ரைஃபிளாக இருந்தால், ஸ்கோப்புக்கும் கண்ணுக்கும் இடையே இருக்க வேண்டிய தூரத்தை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான ரைஃபிள் ஸ்கோப்புகளுக்கு அது சுமார் 9 முதல் 10 செ.மீ. இருக்கும். முகத்தை அதைவிட நெருக்கமாக வைத்துச் சுட்டால், பின்னுதைப்பில் ஸ்கோப்பின் விளிம்பு வந்து புருவத்துக்கு மேலே பிறைபோல ஒரு வெட்டை இட்டுவிடும். அந்தத் தழும்பைப் பார்த்த மாத்திரத்தில், நீங்கள் என்ன செய்தீர்கள் என்பது எந்த வேட்டைக்காரருக்கும் புரிந்துவிடும்.

இரண்டாம் படி: உடை, வாடை, சத்தம்

கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு நிற மேலங்கியைக் கொடுத்தால், மான் பார்த்துவிடுமே என்று பையில் மறைத்து வைக்காதீர்கள். மானின் கண்ணில் நிறம் பிரித்தறியும் கூம்பு அணுக்கள் இரண்டு வகை மட்டுமே உள்ளன. ஆரஞ்சும் சிவப்பும் அதற்கு மங்கலாகத்தான் தெரியும். நீலத்தை அது நன்றாகவே பார்க்கும். ஆகவே நீல ஜீன்ஸ் அணிந்து வந்தவர்தான் காட்டில் விளக்கேற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். வெண்மைக்காகப் பளபளப்பூட்டிகள் சேர்த்த சலவைத்தூளையும் வாசனைச் சோப்பையும் தவிர்த்துவிடுங்கள்.

சத்தத்தைப் பொறுத்தவரை என் கருத்து உறுதியானது. மழை ஒழுகாத, சரசரக்கும் மேலங்கியைவிட, நனைந்தாலும் சத்தமிடாத கம்பளி உடை பல மடங்கு மேல். பைகளில் ஒட்டுப்பட்டி இருந்தால், அதைப் பிரிக்கும் கிழிசல் ஒலி அமைதியான காலையில் மலைச்சரிவு முழுவதற்கும் கேட்கும். கைபேசியை அதிர்வு நிலையில் வைக்காமல் அணைத்தே வைத்துவிடுங்கள்.

காற்றைப் பற்றி ஒரு குறிப்பு மட்டும். சரிவான நிலத்தில் விடியற்காலையில் குளிர்ந்த காற்று கீழ்நோக்கி இறங்கும். வெயில் ஏறியதும் மேல்நோக்கித் திரும்பும். உங்கள் வாடை மானை எட்டாமலிருக்க, அழைத்தவர் சுற்றுவழியில் நடத்திச் செல்வது பெரும்பாலும் இதை உத்தேசித்துத்தான். “நேராகப் போனால் பத்து நிமிடம்தானே” என்று வழி சொல்லிக் கொடுக்காதீர்கள்.

மூன்றாம் படி: முதலில் பைனாகுலர், பிறகே துப்பாக்கி

நான் சறுக்கியது இங்கேதான். பனி விலகாத காலையில், காட்டின் விளிம்பில் என்னை அமரவைத்துவிட்டு அழைத்தவர் மேட்டின் மறுகோடிக்குச் சென்றார். சிறிது நேரத்தில், ஏறக்குறைய நூற்றைம்பது மீட்டர் தொலைவில் புதர் அசைந்தது. என் பைனாகுலர் பைக்குள், மதிய உணவுக்கு அடியில் இருந்தது. துப்பாக்கியோ கையில் இருந்தது. அதன்மேல் ஒன்பது மடங்கு பெரிதாக்கிக் காட்டும் ஸ்கோப் இருந்தது. “சுடப்போவதில்லை, பார்க்கத்தானே போகிறேன்” என்று நினைத்து, ரைஃபிளைத் தோளுக்கு உயர்த்தி அந்த வட்டத்துக்குள் பார்த்தேன். குறுக்குக் கோடுகளுக்கு நடுவே தெரிந்தது ஓர் ஆரஞ்சுத் தொப்பி. அழைத்தவரின் தம்பி, எங்களுக்குத் தெரியாமல், வேறு வழியாக இறங்கி வந்துகொண்டிருந்தார்.

பாதுகாப்பு விசை பூட்டியே இருந்தது. என் விரலும் விசைக்கூட்டுக்கு வெளியேதான் இருந்தது. ஆனால் துப்பாக்கியின் அறையில், அதாவது தோட்டா அமரும் குழலின் பின்முனையில், தோட்டா இருந்தது, குழல் ஒரு மனிதரின் முகத்தை நோக்கி இருந்தது. மறுகோடியிலிருந்து அழைத்தவர் தம் பைனாகுலரில் அதைப் பார்த்துவிட்டார். நடந்து வந்தார், கோபப்படவில்லை. போல்ட்டை, அதாவது அந்த அறையைத் திறந்து மூடும் தண்டை, பின்னுக்கு இழுத்துத் தோட்டாவை வெளியே எடுத்து, “இன்றைக்கு இது என்னிடம் இருக்கட்டும்” என்று தம் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அதற்குமேல் அன்று முழுவதும் அதைப் பற்றி அவர் ஒரு சொல்லும் பேசவில்லை. திட்டியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

இந்தத் தவறைத் தொடக்கநிலையினர் அறிவில்லாமல் செய்வதில்லை, வசதிக்காகச் செய்கிறார்கள். துப்பாக்கியின்மேல் பொருத்தப்பட்ட கண்ணாடி, பார்ப்பதற்கான கருவி என்றே மூளை எடுத்துக்கொள்கிறது. எதை நோக்கிக் குழலை நீட்டுகிறோமோ அதை அழிக்கச் சம்மதித்துவிட்டோம் என்ற பயிற்சி வகுப்புப் பாடம் அந்த நொடியில் நினைவுக்கு வருவதில்லை. போதாததற்கு, மானை எதிர்பார்த்துப் பதறும் மனம், அசையும் கிளையைக் கொம்பாகவும் பழுப்பு நிறச் சட்டையை மானின் விலாவாகவும் தானே பூர்த்திசெய்துகொள்ளும். பெரிதாக்கம் கூடக்கூட ஸ்கோப்பில் தெரியும் பரப்பு சுருங்குவதால், அந்தப் பிழையைத் திருத்தக்கூடிய சுற்றுப்புறமும் கண்ணில் படாமல் போகிறது.

நான் பின்னர் பழகிக்கொண்ட முறை இது. பைனாகுலரைக் கழுத்தில் தொங்கவிடாமல், தோள்பட்டை வார்களால் நெஞ்சோடு இறுக்கிக் கட்டிக்கொள்கிறேன். கழுத்துவாரில் தொங்கினால் அது துப்பாக்கிக் கட்டையில் மோதிச் சத்தமிடும், அந்த எரிச்சலிலேயே பைக்குள் போய்விடும். வெறும் கண்ணால் அசைவைக் கண்டதும் துப்பாக்கியை மடியிலேயே விட்டுவிட்டு, இரு கைகளாலும் பைனாகுலரை எடுக்கிறேன். விலங்கின் தலை, உடல், கால்கள் மூன்றும் தெரியும்வரை காத்திருக்கிறேன். பிறகு அதன் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்க்கிறேன். தோட்டாவைத் தாங்கிக்கொள்ளும் மண்மேடு இருக்க வேண்டும், வெறும் வானம் தெரிந்தால் அந்த மான் எனக்கில்லை. அருகில் இருப்பவரிடம் கண்டதைத் தாழ்ந்த குரலில் சொல்லி, அவர் தலையசைத்த பின்புதான் துப்பாக்கி மேலே வருகிறது. நடக்கும்போது ஸ்கோப்பை எப்போதும் அதன் மிகக் குறைந்த பெரிதாக்கத்திலேயே வைக்கிறேன். இந்த வரிசையை வீட்டில், துப்பாக்கியைத் தொடாமல் பைனாகுலரை மட்டும் வைத்துக்கொண்டு, கை தானாகப் போகும்வரை பழகுங்கள்.

எந்தப் பைனாகுலர் என்று கேட்பவர்களுக்கு: 10×42 அல்ல, 8×42. முதல் எண் பெரிதாக்கம், இரண்டாவது முன்வில்லையின் விட்டம், மி.மீ. கணக்கில். வில்லையின் விட்டத்தைப் பெரிதாக்கத்தால் வகுத்தால், கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும், எட்டுக்கு 5.25 மி.மீ., பத்துக்கு 4.2 மி.மீ. மான் வெளியே வரும் மங்கலான நேரத்தில் அந்த ஒரு மில்லிமீட்டர் பெரிது. கை நடுக்கமும் எட்டில் குறைவாகவே தெரியும்.

நான்காம் படி: தோட்டா போடுவதும் எடுப்பதும்

அழைத்தவர் சொல்லும்வரை அறையில் தோட்டா ஏறக்கூடாது. வேலியைத் தாண்டும்போது, பரணில் ஏறும்போது, வண்டியை நெருங்கும்போது எல்லாம் தோட்டாவை எடுத்துவிட வேண்டும். பரணுக்குத் துப்பாக்கியைச் சுமந்துகொண்டு ஏறாதீர்கள். நீங்கள் மேலேறிப் பாதுகாப்பு வாரை மாட்டிக்கொண்ட பிறகு, காலியான துப்பாக்கியைக் கயிற்றில் கட்டி மேலே இழுத்துக்கொள்ளலாம். மற்றொருவரிடம் கொடுக்கும்போது, போல்ட்டைத் திறந்து, காலி அறையை அவருக்குக் காட்டிக் கொடுங்கள். “காலிதான்” என்று வாயால் சொல்வதை எந்த வேட்டைக்காரரும் பொருட்படுத்துவதில்லை.

பறவை வேட்டைக்கு ஷாட்கன் இரவல் வாங்குபவர்கள், சட்டைப்பையில் இரண்டு அளவுத் தோட்டாக்களைக் கலந்து வைக்கவே கூடாது. கேஜ் என்பது குழலின் அளவு, எண் கூடினால் குழல் சிறுக்கும். ஆகவே 20 கேஜ் தோட்டா 12 கேஜ் துப்பாக்கியின் அறையைத் தாண்டிக் குழலுக்குள் வழுக்கிச் சென்று சிக்கிக்கொள்ளும். வெளியிலிருந்து பார்த்தால் அறை காலியாகத் தெரியும். பின்னால் 12 கேஜ் தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழல் வெடித்துவிடும். 20 கேஜ் தோட்டாக்களின் உறை மஞ்சள் நிறத்தில் வருவது இந்தக் குழப்பத்தைத் தவிர்க்கத்தான்.

ஐந்தாம் படி: சுடுவதும், சுடாமல் இருப்பதும்

சேனியின் விபத்தை இங்கே சொல்வது பொருத்தம். உடன் வந்த விருந்தினரான வழக்கறிஞர் ஹாரி விட்டிங்டன், தாம் வீழ்த்திய பறவையை எடுக்க வரிசையை விட்டு விலகிப்போய்த் திரும்பிக்கொண்டிருந்தார். சேனி பறந்துபோன ஒரு காடையைத் தொடர்ந்து குழலைத் திருப்பிச் சுட்டபோது, ஈயக் குண்டுகள் விட்டிங்டனின் முகத்திலும் கழுத்திலும் மார்பிலும் பாய்ந்தன. அவர் உயிர் பிழைத்தார். ஆனால் அப்போது அவருக்கு வயது 78, ஒரு குண்டினால் லேசான மாரடைப்பும் வந்தது. விருந்தினருக்கு இதில் இரண்டு பாடங்கள் உண்டு. உங்களுக்கு வகுத்த கோணத்துக்கு வெளியே குழல் போகக் கூடாது. உங்களுக்குக் காட்டிய இடத்தைவிட்டு, சிறுநீர் கழிக்கக்கூட, சொல்லாமல் நகரக் கூடாது.

சுட மறுப்பது அழைத்தவரை அவமதிப்பதாகாது. 1902 நவம்பரில் அமெரிக்க அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் மிசிசிப்பிக்குக் கரடி வேட்டைக்கு அழைக்கப்பட்டார். விருந்தினர் வெறுங்கையோடு திரும்பக் கூடாது என்ற கவலையில், பிடிபட்ட கரடி ஒன்றை மரத்தில் கட்டிவைத்து அவரை அழைத்தார்கள். கட்டிய விலங்கைச் சுடுவது வேட்டையே அல்ல என்று அவர் மறுத்துவிட்டார். காயம்பட்டிருந்த அதன் வேதனையை முடித்துவிடுமாறு மட்டும் சொன்னார். கேலிச்சித்திரக்காரர் கிளிஃபர்ட் பெர்ரிமன் அதை வரைந்தார். ‘டெடி’ பொம்மைக் கரடியின் பெயர் அப்படித்தான் பிறந்தது. உங்கள் மறுப்புக்குக் கோணம் சரியில்லை, தூரம் அதிகம், கை நடுங்குகிறது என்ற எந்தக் காரணமும் போதும்.

சுட்டுவிட்டால், அடுத்த தோட்டாவை ஏற்றிவிட்டு அப்படியே இருங்கள். மான் நின்ற இடத்தையும் கடைசியாக மறைந்த இடத்தையும் ஏதாவது ஒரு மரத்தையோ பாறையையோ வைத்து அடையாளம் கொள்ளுங்கள். ஓடிப்போய்ப் பார்க்காதீர்கள், குறைந்தது அரை மணி நேரம் பொறுத்துத்தான் தடம் பார்ப்பது வழக்கம். அதன்பின் கேட்கப்படும் கேள்விக்கு உண்மையைச் சொல்லுங்கள். வெட்கத்தில் விருந்தினர்கள் சொல்லும் “தோளுக்குப் பின்னால் சரியாகப் பட்டது” என்ற பொய்யைப்போல் வேட்டையில் செலவு வைக்கும் பொய் வேறில்லை. நுரை கலந்த வெளிர்சிவப்பு இரத்தம் நுரையீரலைக் காட்டும். கருஞ்சிவப்பு கல்லீரலைக் காட்டும். பசுமை கலந்து நாற்றம் வீசினால் குடலில் பட்டிருக்கிறது. குடலில் பட்ட மானைப் பல மணி நேரம் விட்டுவைக்க வேண்டும். உடனே துரத்தினால் படுத்த இடத்திலிருந்து எழுந்து வெகுதூரம் போய்விடும். நீங்கள் சொல்லும் ஒரு வாக்கியத்தை நம்பித்தான் அழைத்தவர் எப்போது புறப்படுவது என்று முடிவெடுக்கிறார்.

ஆறாம் படி: முடிந்த பிறகு

மானை இழுக்கவும் குடல் நீக்கவும் கைகொடுங்கள். தெரியாவிட்டால் விளக்கையாவது பிடியுங்கள். கொம்பு யாருக்கு என்று நீங்கள் கேட்காதீர்கள். படம் எடுக்கவும் வெளியிடவும் அனுமதி கேளுங்கள். பின்னணியில் தெரியும் மேட்டை வைத்தே இடத்தைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

பிற்சேர்க்கை

இதைப் படித்த ஒருவர், இரவல் ரைஃபிளின் பாதுகாப்பு விசை தம்முடையதற்கு நேரெதிராக இயங்கியதால், பூட்டுவதாக நினைத்துத் திறந்துவைத்தபடியே ஒரு மணி நேரம் நடந்ததாக எழுதியிருந்தார். இதை நான் முதலில் எழுதாமல் விட்டது என் பிழை. முந்தைய இரவே, காலித் துப்பாக்கியை வைத்து அந்த விசையைக் கண்ணை மூடிக்கொண்டும் இயக்கத் தெரியும்வரை பழகுங்கள்; எப்படி இயங்கினாலும், குழலின் திசைக்கு அது மாற்று ஆகாது.

இன்னொருவர் அழைத்தவரின் நாய்க்கு, அன்பு மிகுதியால், தாமே கட்டளையிட்டிருக்கிறார். அது அவர் சொல்லைக் கேட்டுப் பாதி வழியில் பறவையைப் போட்டுவிட்டு அவரிடமே ஓடிவந்ததாம். பிறருடைய நாயிடம் பேசாதீர்கள், தின்பண்டமும் கொடுக்காதீர்கள்.

பலர் கேட்டது இருமலைப் பற்றி. இருமல் மிட்டாய் கொண்டுபோகலாம். ஆனால் அதன் காகிதத்தை வீட்டிலேயே பிரித்து, மிட்டாயைத் துணிப்பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள்.