கப்பலில் லைஃப் ஜாக்கெட்டும் மஸ்டர் டிரில்லும்: முதல் முறை போகிறவர்களுக்குச் செய்முறை விளக்கம்

சொகுசுக் கப்பலில் முதல் முறை போகிறவர்கள் என்னிடம் அதிகம் கேட்பது, "லைஃப் ஜாக்கெட்டை எப்படி மாட்டுவது?" என்றுதான். அதை விரிவாகவே சொல்கிறேன். ஆனால் அவசர ஒலி கேட்டதும் எங்கே போய் நிற்க வேண்டும், எந்தப் படிக்கட்டில் இறங்க வேண்டும் என்பது உங்கள் கால்களுக்குப் பழகியிருப்பதுதான் ஜாக்கெட்டைவிட முக்கியம். மஸ்டர் டிரில் என்ற பயிற்சியை நடத்துவதே அதற்காகத்தான்.

டிக்கெட், பாஸ்போர்ட், பெட்டி கட்டுவது எல்லாம் இங்கே கிடையாது. கப்பலில் ஏறிவிட்டீர்கள், கேபின் சாவி அட்டை கையில் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு தொடங்குகிறேன்.

படி 1: அட்டையைப் பாருங்கள்

அட்டையில் ஓர் எழுத்தோ எண்ணோ அச்சிட்டிருக்கும். அதுதான் உங்கள் மஸ்டர் ஸ்டேஷன், அதாவது அவசரத்தில் நீங்கள் போய்ச் சேர வேண்டிய இடம். சில கப்பல்களில் அது லைஃப் போட்டுகளுக்குக் கீழே திறந்தவெளித் தளமாக இருக்கும். சிலவற்றில் நாடக அரங்கமோ உணவுக்கூடமோகூட அதுவாக இருக்கலாம். கேபின் கதவின் உட்புறம் ஒட்டியிருக்கும் வரைபடத்திலும் இதே விவரம் வழியோடு இருக்கும். அதைக் கைப்பேசியில் ஒரு படம் எடுத்து வையுங்கள்.

அப்படியே ஜாக்கெட் எங்கே இருக்கிறது என்றும் பாருங்கள். பழைய வழக்கப்படி அலமாரியின் மேல்தட்டிலோ கட்டிலுக்கு அடியிலோ இருக்கும். இப்போது பல கப்பல்களில் கேபினில் வைப்பதில்லை, மஸ்டர் ஸ்டேஷனிலேயே கொடுத்துவிடுகிறார்கள். கேபினில் இருந்தால் எண்ணிப் பாருங்கள், ஆளுக்கு ஒன்று இருக்க வேண்டும். குறைந்தால் உடனே கேபின் ஸ்டூவர்டிடம் சொல்லுங்கள்.

படி 2: ஒலியைத் தெரிந்துகொள்ளுங்கள்

ஏழு அல்லது அதற்கு மேற்பட்ட சிறிய ஒலிகள், அதைத் தொடர்ந்து ஒரு நீண்ட ஒலி. கப்பலின் ஊதலிலும் உள்ளே இருக்கும் அலாரத்திலும் இதுவே வரும். எந்த நிறுவனத்தின் பெரிய கப்பலானாலும் இது மாறாது. சோலாஸ் என்ற சர்வதேச ஒப்பந்தம் அப்படித்தான் சொல்கிறது. டைட்டானிக் மூழ்கிய பிறகு 1914-ல் முதலில் உருவான ஒப்பந்தம் அது. இப்போது நடைமுறையில் இருப்பது 1974-ன் வடிவம், அவ்வப்போது திருத்தப்படுகிறது.

இந்த ஒலிக்குக் கப்பலைக் கைவிடுகிறார்கள் என்று பொருள் இல்லை. மஸ்டர் ஸ்டேஷனுக்கு வாருங்கள் என்று மட்டும்தான் பொருள். கப்பலை விட்டு இறங்கும் உத்தரவு தனி, அதைக் கேப்டன் தருவார். இது புரியாதவர்கள்தான் ஒலி கேட்டதும் லைஃப் போட்டைத் தேடி ஓடுவார்கள்.

2019 மார்ச் 23 அன்று நார்வே கடலோரம் புயலில் வைக்கிங் ஸ்கை கப்பலின் எஞ்சின்கள் நின்றுபோயின. கப்பலில் 1,373 பேர். பயணிகள் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு மஸ்டர் ஸ்டேஷன்களில் மணிக்கணக்காக உட்கார்ந்திருந்தார்கள். அந்த அலையில் லைஃப் போட்டை இறக்குவது பெரிய ஆபத்து. 479 பேரை ஹெலிகாப்டரில் ஒவ்வொருவராகத் தூக்கினார்கள். மற்றவர்கள் அதே கப்பலில் மறுநாள் மோல்டே துறைமுகம் போய்ச் சேர்ந்தார்கள். யார் எங்கே இருக்கிறார்கள் என்ற கணக்கு கையில் இல்லாமல் அந்த மீட்பு வேலை நடந்திருக்க முடியாது.

ஒலிபெருக்கியில் "பிராவோ, பிராவோ" என்பது போன்ற சொற்கள் கேட்டால் பதற வேண்டாம். அவை ஊழியர்களுக்கான குறிச்சொற்கள். பல நிறுவனங்களில் பிராவோ என்றால் தீ, ஆஸ்கர் என்றால் யாரோ கடலில் விழுந்துவிட்டார்கள். உங்களுக்கு வேலை இருந்தால் உங்களுக்குப் புரியும் மொழியில் சொல்வார்கள்.

படி 3: கேபினிலிருந்து நடந்து பாருங்கள்

கோஸ்டா கான்கோர்டியாவை நினைத்துக்கொள்ளுங்கள். 2012 ஜனவரி 13 இரவு இத்தாலியின் ஜிக்லியோ தீவருகே பாறையில் மோதிய கப்பல். அன்றைய விதிப்படி, பயணிகள் ஏறிய 24 மணி நேரத்துக்குள் பயிற்சி கொடுத்தால் போதும். அன்று மாலைதான் ஏறியிருந்த சுமார் 700 பேருக்குப் பயிற்சியே நடந்திருக்கவில்லை. மோதிய பிறகும் மின்கோளாறு என்று பயணிகளிடம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கப்பலைக் கைவிடும் உத்தரவு வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அதற்குள் கப்பல் சாய்ந்து, ஒரு பக்கத்து லைஃப் போட்டுகளை இறக்குவதே பெரும்பாடாகிவிட்டது. 32 பேர் இறந்தார்கள்.

அதன் பிறகு விதியை மாற்றினார்கள். 2015 ஜனவரி 1 முதல், கப்பல் புறப்படும் முன்போ புறப்பட்ட உடனேயோ பயிற்சி முடிந்திருக்க வேண்டும். வர மறுத்த பயணிகளைக் கப்பலிலிருந்து இறக்கிவிட்டதும் உண்டு. "தூங்கிட்டிருந்தேன்" என்று சொல்லித் தப்பிக்க முடியாது. அட்டையை ஸ்கேன் செய்யாதவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள்.

2020-க்குப் பிறகு பல கப்பல்களில் எல்லோரையும் ஒரே நேரத்தில் கூட்டுவதில்லை. கைப்பேசியிலோ கேபின் டிவியிலோ வீடியோவைப் பார்த்துவிட்டு, உங்களுக்கு வசதியான நேரத்தில் மஸ்டர் ஸ்டேஷனுக்குப் போய் அட்டையைக் காட்டினால் முடிந்தது. எனக்கு இந்த முறை அவ்வளவாகப் பிடிக்காது. வெயிலில் வரிசையாக நிற்கும் தொல்லை இல்லை, சரி. ஆனால் ஆட்கள் நீச்சல் குளத்திலிருந்து நேராகப் போய் அட்டையைக் காட்டிவிட்டு மறுபடி குளத்துக்கே திரும்பிவிடுகிறார்கள். ராத்திரி இரண்டு மணிக்கு ஒலி கேட்டால் அவர்கள் கிளம்பப்போவது குளத்திலிருந்து அல்ல, கேபினிலிருந்து.

அதனால் எந்த முறையானாலும் இப்படிச் செய்யுங்கள். கேபின் கதவைச் சாத்திவிட்டு நில்லுங்கள். வலப்பக்கமா இடப்பக்கமா? அந்தத் திசையில் படிக்கட்டு வரை எத்தனை கதவுகள் என்று எண்ணுங்கள். புகை சூழ்ந்தால் கண் உதவாது, சுவரைத் தடவிக் கதவுகளை எண்ணித்தான் போக வேண்டும். தரையோரம் ஒளிரும் பட்டைகள் வழிகாட்டும், குனிந்து போனால் தெரியும். படிக்கட்டில் எத்தனை தளம் ஏறுகிறீர்கள் அல்லது இறங்குகிறீர்கள் என்பதையும் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். லிஃப்ட் வேண்டாம், அவசரத்தில் அது உங்களுக்கு இல்லை. போய்ச் சேர்ந்ததும், திரும்பி வரும்போது இன்னொரு படிக்கட்டு வழியாக வாருங்கள். முதல் வழியில் தீ என்றால் அதுதான் கைகொடுக்கும்.

பெரிய கப்பலில் முன்பக்கம் எது, பின்பக்கம் எது என்பதே பிடிபடாது. நடைபாதைகள் அத்தனையும் ஒரே மாதிரி. சில கப்பல்களில் தரைவிரிப்பில் மீன்கள் நெய்திருப்பார்கள், அவை முன்பக்கம் நோக்கி நீந்தும். உங்கள் கப்பலில் அப்படி ஏதாவது அடையாளம் உண்டா என்று ஸ்டூவர்டிடம் கேளுங்கள், சந்தோஷமாகச் சொல்வார்.

படி 4: ஜாக்கெட்டை மாட்டுவது

பயணிகளுக்குத் தருவது பெரும்பாலும் நுரை அடைத்த வகை. தலையை நுழைத்துப் போடுவது ஒன்று, கையை நுழைத்து முன்னால் பூட்டுவது இன்னொன்று. தலை நுழைக்கும் வகைதான் அதிகம், அதில்தான் குழப்பமும் அதிகம்.

1. ஜாக்கெட்டைக் கையில் எடுத்ததும் வார்களை முழுதாகப் பிரித்துவிடுங்கள். மடித்துக் கட்டியே வைத்திருப்பார்கள்.

2. விசிலும் சின்ன விளக்கும் வெளிப்பக்கம் தெரியும்படி பிடித்து, தலையை நுழையுங்கள். ஒளியைத் திருப்பியடிக்கும் பட்டைகளும் வெளியே தெரிய வேண்டும்.

3. வாரைப் பிடியுங்கள். இங்கேதான் கவனம். வார் முதுகைச் சுற்றி வந்து முன்னால் பூட்ட வேண்டும். பலர் முதுகுக்குக் கொண்டுபோகாமல், நெஞ்சுக்கு முன்னாலேயே இரண்டு முனைகளையும் சேர்த்து 'கிளிக்' செய்துவிடுவார்கள். பார்த்தால் மாட்டியதுபோலவே இருக்கும். தண்ணீரில் விழுந்தால் ஜாக்கெட் மேலே மிதக்கும், ஆள் கீழே நழுவுவார்.

4. பக்கிளைப் பூட்டிய பிறகு வாரின் நுனியைப் பிடித்து இழுத்து இறுக்குங்கள். எவ்வளவு இறுக்கம் என்பதற்கு ஒரு சோதனை உண்டு. பக்கத்தில் இருப்பவரை ஜாக்கெட்டின் தோள்பகுதியைப் பிடித்து மேலே தூக்கச் சொல்லுங்கள். அது காதுவரை ஏறினால் வார் தளர்வு. மோவாய்க்குக் கீழேயே நின்றால் சரி. மூச்சு விட முடிய வேண்டும், ஆனால் வசதியாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். தொளதொள ஆடைக்கு மேல் மாட்டினால் ஆடையை இழுத்துவிட்டு மறுபடி இறுக்குங்கள்.

5. மிச்சமிருக்கும் வாரை உள்ளே செருகுங்கள். தொங்கும் வார் படிக்கட்டில் காலை வாரும், உங்கள் காலையோ பின்னால் வருபவரின் காலையோ. ஜாக்கெட்டைக் கையில் தூக்கிக்கொண்டு நடக்கும்போதும் இதே கதைதான்.

இந்த ஜாக்கெட்டுகளுக்கு ஒரு சோதனை விதி உண்டு. இதை முன்பின் பார்க்காதவர்களில் குறைந்தது 75 சதவீதம் பேர், யார் உதவியும் இல்லாமல் 1 நிமிடத்துக்குள் சரியாக மாட்டிவிட வேண்டும். அப்படியென்றால் நாலில் ஒருவருக்கு வராமல் போகலாம் என்று விதியே ஒப்புக்கொள்கிறது. ஊழியர் மாட்டிக் காட்டும்போது கைப்பேசியை உள்ளே வையுங்கள்.

கேபினிலேயே மாட்டுவதா, ஸ்டேஷனுக்குப் போய் மாட்டுவதா? கப்பலுக்குக் கப்பல் மாறும், ஊழியர் சொல்வதுபோல் செய்யுங்கள்.

படி 5: கையோடு எடுக்க வேண்டியவை

மூடிய செருப்பு அல்லது ஷூ, கதகதப்பான மேலாடை, தினமும் சாப்பிடும் மருந்து, மூக்குக்கண்ணாடி. அவ்வளவுதான், பெட்டியைத் தொடாதீர்கள். படுக்கைக்குப் பக்கத்தில் சின்ன டார்ச் வைத்துக்கொள்வதை நான் வலியுறுத்துவேன். கைப்பேசி வெளிச்சம் போதாதா என்பார்கள். போதும், சார்ஜ் இருந்தால்.

ஒலி கேட்கும்போது கேபினுக்கு வெளியே, தூரத்தில் இருந்தால் திரும்பி ஓட வேண்டாம். நேராக ஸ்டேஷனுக்குப் போங்கள். கூடுதல் ஜாக்கெட்டுகள் இருக்கும்.

படி 6: தண்ணீர்

இந்தப் படி தேவைப்படாமல் இருப்பதற்குத்தான் முந்தைய ஐந்தும். உடை நனையாமல் லைஃப் போட்டில் ஏறுவதுதான் திட்டம். எல்லோரும் ஜாக்கெட்டோடு கூடிய பிறகு, கைவிடும் உத்தரவு வந்ததிலிருந்து 30 நிமிடத்துக்குள் எல்லாப் படகுகளையும் ஆட்களோடு இறக்க முடிய வேண்டும் என்பது விதி. கூடிய பிறகு என்பதைக் கவனியுங்கள். நீங்கள் தாமதித்தால் அந்த 30 நிமிடம் தொடங்குவதே தாமதமாகும்.

குதித்தே ஆக வேண்டும் என்றால் முடிந்தவரை தாழ்வான இடத்துக்குப் போங்கள். ஒரு கையால் மூக்கையும் வாயையும் மூடுங்கள், மறு கையால் ஜாக்கெட்டைக் கீழ்நோக்கி அழுத்திப் பிடியுங்கள். நேரே பார்த்தபடி, கால்களைச் சேர்த்து ஓரடி முன்வையுங்கள். குளிர்ந்த நீரில் விழுந்ததும் மூச்சு தானாகத் திணறும், சில நிமிடங்களில் அடங்கும். அதுவரை நீந்த முயலாமல் மிதந்தாலே போதும். பிறகு முழங்காலை நெஞ்சோடு சேர்த்துக் குறுகி இருங்கள், உடல் சூடு மெதுவாகத்தான் குறையும். விளக்கு குறைந்தது 8 மணி நேரம் எரியும்படி செய்திருப்பார்கள்.

பின்சேர்க்கை: வாசகர்கள் கேட்டவை

குழந்தைகளுக்கு எந்த அளவு? வயதைப் பார்க்காதீர்கள், எடையையும் உயரத்தையும் பாருங்கள். 15 கிலோவுக்கும் 100 செ.மீ.க்கும் குறைந்தால் கைக்குழந்தை அளவு. 15 முதல் 43 கிலோவுக்குள், 100 முதல் 155 செ.மீ.க்குள் சிறுவர் அளவு. அதற்கு மேல் பெரியவர் அளவு. ஜாக்கெட்டிலேயே அச்சிட்டிருக்கும். சிறுவர் ஜாக்கெட்டில் கால்களுக்கிடையே ஒரு வார் வந்தால் அதையும் கட்டாயம் பூட்டுங்கள், குழந்தைகள்தான் அதிகம் நழுவுவார்கள்.

பெரிய உடல்வாகு உள்ளவர்களுக்கு? 140 கிலோ, 175 செ.மீ. மார்புச் சுற்றளவு வரை பொருந்தும்படி ஜாக்கெட்டோ கூடுதல் வாரோ கப்பலில் இருந்தாக வேண்டும். கூச்சப்படாமல் முதல் நாளே கேளுங்கள்.

சக்கர நாற்காலியில் வருபவர்களும் காது கேட்காதவர்களும் ஏறும்போதே வரவேற்பு மேசையில் பதிவு செய்துகொள்ளுங்கள். படிக்கட்டில் தூக்கிப் போக ஆட்கள் ஒதுக்குவது, மின்னும் அல்லது அதிரும் அலாரம் கொடுப்பது எல்லாம் சொன்னால்தான் நடக்கும்.

சொந்த ஜாக்கெட் கொண்டுபோகலாமா என்று சிலர். வேண்டாம் என்பேன். காற்று நிரப்பும் வகையில் வாயுக் குப்பி இருக்கும், அதனால் விமானத்தில் கேள்வி வரும். கப்பலில் இருப்பது அதற்கென்று சோதித்து அங்கீகரித்தது.

குழந்தை, சிறுவர் கிளப்பில் இருக்கும்போது ஒலி வந்தால் என்ன செய்வது என்பது நல்ல கேள்வி. பல கப்பல்களில் குழந்தையின் கையில் ஸ்டேஷன் எண் எழுதிய பட்டை கட்டுவார்கள், கிளப் ஊழியர்கள் நேராக உங்கள் ஸ்டேஷனுக்கு அழைத்து வருவார்கள். நீங்கள் எதிர்த்திசையில் கிளப்புக்கு ஓடினால் இருவரும் வழியில் தவறிவிடுவீர்கள். உங்கள் கப்பலிலும் இதே ஏற்பாடுதானா என்று பயிற்சியின்போதே கேட்டுவிடுங்கள்.